கிடி என்றொரு வியாதி

புனாட்டா
10 மார்ச் 1996

அன்புள்ள டெல்ஃபினா அக்காவுக்கு,

அப்பா நலம். நான் நலம். பன்றி இரண்டும் நலம். சேவல் நலமில்லை, அதை ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டோம். நீ எப்படி இருக்கிறாய்? வர்ஜீனியாவில் குளிர் விட்டதா? நீ பார்த்துக்கொள்ளும் விட்லாக் அம்மா இப்போதாவது ஒரு முழு முட்டை சாப்பிடுகிறாரா?

கார்னிவல் முடிந்தது. எங்கள் தலைமை ஆசிரியர் மேல் தண்ணீர் பலூன் எறிந்தது யார் என்று பள்ளியில் இன்னும் விசாரணை நடக்கிறது. விசாரணைக் குழுவில் நானும் இருக்கிறேன்.

நீ அனுப்பிய மூன்று ஆங்கில வார்த்தைகளும் மனப்பாடம்: மாப், பக்கெட், டஸ்ட்பின். அக்கா, நீ எனக்கு மொழி கற்றுத் தருகிறாயா, இல்லை வீடு துடைக்கப் பழக்குகிறாயா? மாப்பு வரைக்கும் வந்துவிட்டாய், பிள்ளையையும் சேர்த்து அனுப்பினால் மாப்பிள்ளை ஆகிவிடும். சரி, சரி, முறைக்காதே. செத்த புருஷனுக்காகக் கறுப்பு போர்த்தியிருப்பவளிடம் இப்படிப் பேசக் கூடாது என்று எனக்கும் தெரியும். வாய்க்குத்தான் தெரியவில்லை.

உன் கடிதம் வந்தால் நம் முற்றத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். அப்பாவுக்கு எழுத்து தெரியாது, உன் மாமியாருக்கும் தெரியாது. ஆனால் மருமகள் கடிதம் மாமியார் காதில் விழாமல் மடிக்கப்படக் கூடாதே! அங்கும் இங்கும் போய்வந்து கடிதம் சுமக்கும் பெனிக்னோ மாமா உறையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினதும் காஸ்தா அத்தை தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார். நான் வாசிக்கிறேன். சில இடங்களில் உப்பு போடுகிறேன், சில இடங்களில் கல் பொறுக்குகிறேன். போன முறை பிடிபட்டேன். "இந்தப் பக்கத்துல இருபத்திரண்டு வரி இருக்கு. நீ பதினெட்டு வரிதான் படிச்சே. மிச்சம் நாலு எங்கடி?" என்றார். படிக்கத் தெரியாவிட்டால் என்ன, எண்ணத் தெரிகிறதே! இப்போது ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்துக்கொண்டு உட்காருகிறார்.

வரும் நவம்பரில் க்ரோவர் அத்தானுக்கு மூன்றாவது படையல். கடைசிப் படையல். அதோடு உன் கறுப்பை எடுக்கலாம். எடுத்தால் நம் வீட்டுத் துக்கத் தடையும் போகும். நானும் படையலுக்கு ஊரில் கட்டும் பெரிய ஊஞ்சலில் ஏறலாம். இரண்டு வருடமாகக் கீழே நின்று மற்ற பெண்களின் பாவாடையை அண்ணாந்து பார்த்தே என் கழுத்து ஒட்டகக் கழுத்தாகிவிட்டது. ஆனால் கறுப்பை எடுக்க வேண்டியது அத்தானைப் பெற்ற கை. அந்தக் கைக்குச் சொந்தக்காரி, தன் புருஷனுக்காகப் பதினோரு வருடமாகக் கறுப்பிலேயே இருக்கிறவர்.

உடம்பைப் பார்த்துக்கொள். புது வார்த்தை அனுப்பு, துடைப்பம் இல்லாத வார்த்தை.

உன் ஒரே தங்கை (போதும் என்று அப்பா சொல்கிறார்),
சுல்மா


ஆர்லிங்டன்
14 ஏப்ரல் 1996

மதிப்புக்குரிய அப்பாவுக்கும், காஸ்தா அத்தைக்கும், அடங்காத சுல்மாவுக்கும்,

கடவுள் புண்ணியத்தில் நான் சுகம். நீங்கள் மூவரும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். அத்தையின் முழங்கால் எப்படி இருக்கிறது?

பனி போய்விட்டது. தெருவெல்லாம் மரங்கள் பூத்திருக்கின்றன. விட்லாக் அம்மா இப்போது ஒன்றரை முட்டை சாப்பிடுகிறார். வீட்டுக்கு வெளியே சாயம் அடிக்கிறார்கள். மஞ்சள். முதலில் பார்த்தபோது கூச்சமாக இருந்தது, இப்போது நன்றாக இருக்கிறது. காலை வெயில் பட்டால் வீட்டுக்குள்ளும் மஞ்சள் வருகிறது.

செவ்வாயன்று சமைக்கும்போது என்னை அறியாமல் பாடிவிட்டேன். விட்லாக் அம்மா, நீ இன்றைக்குக் கிடியாக இருக்கிறாய் என்றார்.

சுல்மாவுக்கு இந்த மாத வார்த்தைகள்: லேடர், பிரஷ், பெயின்ட்.

எல்லோருக்கும் என் வணக்கம். க்ரோவரின் படத்துக்கு முன்னால் எனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள்.

உங்கள்
டெல்ஃபினா


புனாட்டா
12 மே 1996

அன்புள்ள நோயாளி அக்காவுக்கு,

முதலில் உன் உடல்நிலை எப்படி இருக்கிறது என்று ஊர் சார்பில் கேட்கிறேன். ஏன் ஊர் சார்பில் என்றால், உனக்காகப் போன ஞாயிறு கோவிலில் பூசை நடந்தது. நாங்கள் நலம். நான் மட்டும் கொஞ்சம் குற்றவாளி.

நடந்தது இது. உன் கடிதத்தை வாசித்துக்கொண்டு வந்தேன். பனி, பூ, முட்டை, மஞ்சள். அடுத்த வரியைக் கண் பார்த்தது, வாய் தாண்டியது. கறுப்பு கட்டினவள் பாடினாள் என்று அவளுடைய மாமியார் காதிலா போடுவேன்? உடனே ஒரு விரல் காகிதத்தில் இறங்கியது.

"இந்த வரி?"

"அதுல ஒண்ணுமில்லை அத்தை. புள்ளி."

"புள்ளி இவ்வளவு நீளமா இருக்காது. படி."

படித்தேன். அப்பா தன் செருப்பை ஆராய்ச்சி செய்தார்.

"பாடினாளா?"

"அறியாமதான் அத்தை. எழுதியிருக்காளே."

"அந்தம்மா என்னமோ சொல்லிச்சே, கிடியோ கடியோ. அப்படின்னா?"

எனக்கு என்ன தெரியும்? பள்ளி அகராதியில் பாதியை எலி படித்துவிட்டது. ஆனால் தெரியாது என்று சொன்னால் இந்த ஊரில் என் ஆங்கில மானம் என்னாவது? வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அது ஒரு வியாதி அத்தை. குளிர் நாட்டு வியாதி. வந்தா தன்னையறியாம பாட்டு வரும்."

"காய்ச்சல் அடிக்குமா?"

"லேசா."

"சாப்பாடு இறங்குமா?"

"இறங்காது."

"தூக்கம்?"

"வராது."

"கால்?"

"தரையில நிக்காது அத்தை."

உள்ளே சிரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டு போனேன். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தேன். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. "பெத்த பையனைத்தான் காப்பாத்த முடியலை," என்று நாற்காலியைக்கூட எடுக்காமல் எழுந்து போனார்.

அன்று சாயங்காலமே நோய் இறங்கட்டும் என்று உன் கல்யாணப் படத்தைக் கோழி முட்டையால் தலை முதல் கால் வரை தடவினார். படத்தில் கால் இல்லையே என்றேன். அடி விழுந்தது. பிறகு மலையேறிப் போய்க் கசப்புச் செடி பறித்து, காயவைத்து, ஒன்பது கட்டாகக் கட்டி, இதோ பெனிக்னோ மாமாவிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். அந்த முழங்காலோடு மலையேறினார் அக்கா. இறங்கி வந்ததைப் பார்த்தபோது எனக்கு ஒரு பொய்யும் தோன்றவில்லை.

அதனால் அவசரம்: கிடி என்றால் என்ன? கிலியா? கிளியா? கிறுக்கா? உண்மையான வியாதியாக இருந்தால் நான் தீர்க்கதரிசி. இல்லாவிட்டால் நான் தீர்ந்தேன்.

நலமாக இரு. அல்லது நலமில்லாதது போல் இரு.

சுல்மா


ஆர்லிங்டன்
30 ஜூன் 1996

சுல்மா,

அப்பாவுக்கும் அத்தைக்கும் உரிய தாளைத் தனியாக வைத்திருக்கிறேன். அதில் எல்லாம் சுகம், விரலுக்கு வேலை இருக்காது. இது உனக்கு மட்டும். பெனிக்னோ மாமாவின் காலுறைக்குள் வருகிறது, மூக்கைப் பிடித்துக்கொண்டு படி.

கிடி என்றால் வியாதி இல்லை, கழுதையே. நானும் அர்த்தம் தெரியாமல்தான் எழுதினேன். விட்லாக் அம்மாவிடம் கேட்டேன். கையைத் தலைக்கு மேல் சுற்றிக் காட்டிச் சிரித்தார். ராட்டினத்திலிருந்து இறங்கி வரும் பிள்ளைகளைச் சொல்வார்களாம். எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு நாள் கழித்துத் துணி உலர்த்தும்போது சட்டென்று புரிந்தது. நம் பெரிய ஊஞ்சல் மேலே போய், திரும்புவதற்கு முன்னால் ஒரு நொடி நிற்குமே. வயிறு ஓரிடம், நாம் ஓரிடம். பயமும் இருக்கும், பயம் இல்லாமலும் இருக்கும். எதற்கென்றே தெரியாமல் சிரிப்போமே. அதுதான். நம் பேச்சில் அதற்கு ஒரு சொல் இருந்தால் எனக்கு எழுது, நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

செடிக் கட்டுகள் வந்து சேர்ந்தன. அத்தை போட்ட முடிச்சு. பார்த்தவுடன் தெரிந்தது, இடது கைப் பக்கமாக இழுத்துப் போடுவாரே, அதே முடிச்சு. அவிழ்க்க மனம் வராமல் அலமாரியில் வைத்திருக்கிறேன். அவரிடம் உண்மையைச் சொல்லிவிடு. இன்றைக்கே.

மஞ்சள் முடிந்தது. ஜன்னல்களுக்குப் பச்சை என்று முடிவாகி, அடித்த பிறகு விட்லாக் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. இப்போது நீலம். நீலத்தில் எத்தனை வகை இருக்கிறது தெரியுமா? வானத்து நீலம், கடல் நீலம், பால் கலந்த நீலம். பால் கலந்ததுதான் அழகு. வேலிக்கு என்ன நிறம் என்று இன்னும் பேசவில்லை.

சாப்பிடு, படி, பலூன் எறியாதே.

டெல்ஃபினா


புனாட்டா
28 ஜூலை 1996

அன்புள்ள பால் கலந்த நீல அக்காவுக்கு,

நாங்கள் நலம். என் நாக்கு மட்டும் செத்துவிட்டது, அதன் கதை கீழே வருகிறது. உன் உடம்பைப் பற்றிக் கேட்கப்போவதில்லை. உன் கடிதமே ததும்புகிறது.

ஒரு கணக்கு போட்டேன். உன் காலுறைக் கடிதத்தில் அப்பாவைப் பற்றிப் பாதி வரி. என்னைப் பற்றி ஒரு வரி, அதுவும் கழுதை. சாயத்தைப் பற்றி மட்டும் எத்தனை வரி! ஏப்ரலில் தொடங்கிய வீடு ஜூனிலும் முடியவில்லை. அது வீடா, ஆண்டிஸ் மலையா? மார்ச் வரை மாப், பக்கெட் என்று தரையோடு கிடந்த உன் வார்த்தைகள் திடீரென்று லேடர் வைத்து மேலே ஏறிவிட்டன. லேடர் அடியில் நீ நிற்கிறாய், சரி. மேலே நிற்பது யார்?

இப்போது என் நாக்கு. உண்மையைச் சொல்லத்தான் போனேன். நம்பு. செவ்வாய்ச் சந்தை முடிந்து அத்தை வரட்டும் என்று வாசலிலேயே காத்திருந்தேன். வந்தார். முகத்தில் ஒரு தினுசான அமைதி. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் திறந்தார்.

"சுல்மா, உங்க ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம்தானே?"

"ஆமாம் அத்தை."

"அப்போ நீ குடிச்சா பாதி மருந்து அவளுக்குப் போய்ச் சேரும். விடியக் காலையில, வெறும் வயித்துல, ஒம்பது நாள். வாயைத் திற."

ஒன்பது நாள் அக்கா! பித்தம், பழைய செருப்பு, கணக்குப் பரீட்சை மூன்றையும் சேர்த்துக் காய்ச்சினால் வரும் ருசி. நான் முகத்தைச் சுளிக்கும்போதெல்லாம் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து உண்மையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அழுகிறவரிடம் போய் எப்படிச் சொல்வது?

லேடர் மேல் நிற்பவர் பெயரை அடுத்த கடிதத்தில் எதிர்பார்க்கிறேன். மூச்சுவிட மாட்டேன். கசப்பில் மூச்சே வரவில்லை.

சுல்மா


புனாட்டா
1 செப்டம்பர் 1996

அக்கா,

சுகமா? கோபமா? பெனிக்னோ மாமா வந்தார். அப்பாவுக்குச் சட்டை, அத்தைக்கு முழங்கால் பட்டை, காலுறைக்குள் வெறும் கால்தான். நான் எழுதி ஐந்து வாரம் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

நான் கேலி செய்ததற்காக என்றால், அந்தக் கேலியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். லேடர் மேல் யாரும் இல்லை. காக்கை உட்கார்ந்திருக்கிறது. நீ எழுது, போதும்.

அப்பா ராத்திரி சாப்பிடும்போது "பெரியவ ஏதாவது எழுதினாளா?" என்று கேட்கிறார். நான் இட்டுக்கட்டிச் சொல்கிறேன். என் பொய்கள் தீர்ந்துகொண்டு வருகின்றன. அது எப்போதும் நடந்ததில்லை.

சுல்மா


ஆர்லிங்டன்
15 செப்டம்பர் 1996

என் செல்லக் கழுதைக்கு,

கோபமில்லை. உடம்புக்கும் ஒன்றுமில்லை. ஆறு தடவை எழுதினேன், ஆறையும் கிழித்தேன். இது ஏழாவது.

அவர் பெயர் நோலாஸ்கோ. நம் நாட்டுக்காரர்தான், தெற்கே தாரிஹா ஊர். சிரிக்காதே, தெரியும், சிரிப்பாய். ஏப்ரலில் நான் பாடிய அந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. ஏணி மேலிருந்து "வணக்கங்க" என்றார். அவ்வளவுதான். நான் உள்ளே வந்து வெங்காயம் நறுக்கினேன், பாட்டு வந்துவிட்டது.

நான்கு மாதம் என் கறுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆகஸ்டில் ஒருநாள், "யாருக்காக?" என்று மட்டும் கேட்டார். நான் க்ரோவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். உருளைக்கிழங்கு லாரி கவிழ்ந்து அவன் போனதை மட்டும் இல்லை சுல்மா, அவன் விசிலடித்துக்கொண்டே பல் துலக்குவதுவரை சொன்னேன். சாயங்காலம் ஆகிவிட்டது. அவர் கையிலிருந்த பிரஷ் காய்ந்து கட்டையாகிப் போனது, புதிது வாங்க வேண்டியிருந்தது. நிறத்தை மாற்றி மாற்றிச் சொல்வது விட்லாக் அம்மாவின் திருவிளையாடல் என்று இப்போது சந்தேகிக்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால், கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டார். கறுப்பை எடுக்காமல் பதில் சொல்ல மாட்டேன் என்றேன். எடுக்க வேண்டிய கை அங்கே இருக்கிறது. நான் வர முடியாது. குடியேற்றக் காகிதம் இல்லாதவள் ஊருக்கு வந்தால் இங்கே திரும்ப முடியாது, உனக்குத் தெரியும். அதனால் என் கறுப்புப் போர்வையை அனுப்புகிறேன். ஊரில் இல்லாதவளுக்காக உடன்பிறந்தவள் போர்த்திக்கொண்டு நிற்கலாம். நீ நில்.

ஆனால் அதற்கு முன்னால் அத்தையிடம் எல்லாவற்றையும் சொல். கிடியையும், நோலாஸ்கோவையும். பொய்யை வைத்து அவர் கையால் கறுப்பை எடுக்க வைத்தால் அது என் தோளை விட்டு இறங்காது. அவர் மாட்டேன் என்றால், மாட்டேன்தான். அவரை மீறி நான் கட்டிக்கொள்ளப் போவதில்லை. அந்த வீட்டில் நான் ஆறு வருடம் சாப்பிட்டிருக்கிறேன்.

அப்பாவிடம் இப்போது சொல்லாதே. அவருக்கு முகத்தை மறைக்கத் தெரியாது. உன்னை நம்பித்தான் இருக்கிறேன். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது.

டெல்ஃபினா


புனாட்டா
12 அக்டோபர் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். போர்வை வந்து சேர்ந்தது. முகர்ந்து பார்த்தேன். உன் வாசனை பாதி, பெயின்ட் வாசனை பாதி.

தாரிஹாவா! அக்கா, அந்த ஊர்க்காரர் காலையில் "வணக்கங்க" சொல்ல ஆரம்பித்தால் முடிப்பதற்குள் மதியச் சூப்பு ஆறிவிடுமே! அவர் கல்யாணத்துக்குக் கேட்டு முடிக்க எத்தனை நாள் ஆனது? சரி. ஒரு தடவை சிரித்துக்கொள்கிறேன் என்று எனக்கு நானே அனுமதி கொடுத்திருந்தேன், முடிந்தது. பிரஷ் காய்ந்த இடத்தை இரண்டு தடவை படித்தேன். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது.

அத்தையிடம் மூன்று தடவை முயன்றேன். முதல் தடவை, சோளம் உரித்துக்கொண்டிருந்தார். "அத்தை, ஒண்ணு சொல்லணும்." "நாக்கு இன்னும் கசக்குதா?" "இல்லை." "அப்போ இன்னும் ஒம்பது நாள் குடி." ஓடிவந்துவிட்டேன். இரண்டாவது தடவை, அத்தானின் சட்டையை வெயிலில் போட்டு உதறிக்கொண்டிருந்தார். அந்தச் சட்டைக்கு எதிரே நின்று எப்படிச் சொல்வது? மூன்றாவது தடவை நன்றாகத் தயார் செய்துகொண்டு போனேன், அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் காதருகே மெதுவாக முழுவதையும் சொல்லிவிட்டு வந்தேன். அது கணக்கில் வராது என்று தெரியும்.

பள்ளியில் எல்லோரையும் ஏய்க்கிற எனக்கு ஒரே ஓர் உண்மையைச் சொல்ல வரவில்லை. படையலுக்குள் சொல்வேன். சொல்லாவிட்டால் என்னை இனிமேல் தங்கை என்று கூப்பிடாதே, மூன்றாவது பன்றி என்று எண்ணிக்கொள்.

தைரியமாக இரு. நான் தைரியமாக இல்லை.

சுல்மா


புனாட்டா
5 நவம்பர் 1996

அக்கா, அக்கா, அக்கா,

உட்கார்ந்துகொண்டு படி. நாங்கள் எல்லோரும் நலம், நலம் என்பதற்கு மேலே ஏதாவது இருந்தால் அதுவும்.

முதல் தேதி மதியம் படையல் போட்டோம். அத்தான் இறங்கி வர ரொட்டியில் ஏணி, அவருக்குப் பிடித்த கோழிக் கறி, சோளத்தில் காய்ச்சிய சிச்சாக் கள், ரொட்டியில் அத்தான் பொம்மை. மீசையை நான் வைத்தேன். அடுப்பில் உப்பிப்போய் வெள்ளரிக்காய் அளவுக்கு ஆகிவிட்டது. ஊர் முழுக்க வந்து ஜெபம் சொல்லி, ஆளுக்கொரு ரொட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். வரிசையில் நானும் நின்றேன். செத்தவர் எதிரில் பொய் சொல்ல எனக்கே வராது, அங்கேதான் சொல்ல முடியும் என்று தோன்றியது. என் முறை வந்தது. மண்டியிட்டேன். அத்தை ரொட்டிக் கூடையோடு பக்கத்தில்.

"பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே," என்று தொடங்கி, மூச்சுவிடாமல், "க்ரோவர் அத்தானுக்கு இளைப்பாறுதல் கொடும், அக்காவுக்கு வியாதி இல்லை, கிடின்னா சந்தோஷத்துல தலை சுத்தறது, எனக்குத் தெரியாம வியாதின்னு சொல்லிட்டேன், அவளை நோலாஸ்கோன்னு ஒருத்தர் கட்டிக்கக் கேட்டிருக்கார், நல்லவர், பெயின்ட் அடிக்கிறார், தாரிஹா, அதையும் மன்னியும், அத்தை வேண்டாம்னா அவ கட்டிக்க மாட்டா, ஆமென்."

பின்னால் அப்பா கையிலிருந்த கோப்பை கீழே விழுந்தது.

அத்தை கூடையில் கைவிட்டு ஒரு ரொட்டி எடுத்தார். "நல்லா ஜெபம் பண்ணினே. இந்தா. அடுத்த ஆள் வாங்க."

அவ்வளவுதான்! அன்று முழுக்க வேறு ஒரு வார்த்தை இல்லை. அப்பா என்னைப் பார்ப்பதும், கூரையைப் பார்ப்பதுமாக இருந்தார். "சம்பந்தி, நான் வேணும்னா..." என்று ஒருமுறை ஆரம்பித்தார். "சம்பந்தி, சூப்பைக் குடிங்க" என்று அத்தை முடித்துவிட்டார்.

மறுநாள் மதியம் அத்தானை வழியனுப்பிப் படையலைக் கலைத்தோம். உன் போர்வையைப் போர்த்திக்கொண்டு நடுவில் நின்றேன். அந்த நேரத்தில்தான் எடுக்க வேண்டும். அத்தை மேசையைத் துடைத்தார். பாத்திரம் கழுவினார். என்னைச் சுற்றிக்கொண்டு நான்கு தடவை போனார். கை என் தோளுக்கு வரவேயில்லை. பிறகு, "கிளம்பு, ஊஞ்சலுக்கு" என்றார்.

"கறுப்போடயா அத்தை?"

"கறுப்போடதான்."

முடிந்தது என்று நினைத்தேன். ஊரெல்லாம் பார்க்க, கறுப்போடு ஊஞ்சலடியில் நிற்க வைத்து, மாட்டேன் என்று சொல்லாமல் சொல்லப்போகிறார். உனக்கு என்ன எழுதுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே நடந்தேன்.

இந்த வருடம் கம்பங்கள் தேவாலய மணிக்கூண்டைவிட உயரம். அக்கார்டியன், சிச்சா, ஊஞ்சலில் மேலே போய்க் காலால் பிடிக்க வேண்டிய பூக்கூடைகள் எல்லாம் தயார். கயிறு இழுக்கும் பையன்கள் என்னைப் பார்த்ததும் எசப்பாட்டை எடுத்துவிட்டார்கள்:

"கறுப்புப் பறவை ஒண்ணு கம்பத்தடியில் நிக்குது,
பறக்கத் தெரியாமத்தான் பயந்துபோயி விக்குது!"

எனக்கு எதிர்ப்பாட்டு வரவில்லை. எனக்கு! கண்தான் நிறைந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி. பதினோரு வருடமாகப் பாடாத குரல்:

"பறக்கத் தெரிஞ்ச பறவையைத்தான் பாத்திருக்கீங்களா, சொல்லுங்கடா,
கயித்தை இழுக்கத் தெம்பிருந்தா வாயை மூடி நில்லுங்கடா!"

அக்கார்டியன்காரர் ஒரு சுரம் தவறவிட்டார். அத்தை என் எதிரில் வந்து நின்றார். இரண்டு கையாலும் போர்வையை இரண்டு தோளிலிருந்தும் எடுத்தார். இழுக்கவில்லை அக்கா, தூங்குகிற குழந்தையிடமிருந்து எடுப்பது போல எடுத்தார். ஊர் முழுக்கக் கேட்கும்படி, "டெல்ஃபினாவோட கறுப்பை க்ரோவரோட அம்மா எடுத்துட்டா," என்றார். பிறகு யாரோ என் தலையில் வண்ணக் காகிதம் கொட்டினார்கள், யாரோ கத்தினார்கள், அப்பா யாரையோ கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார், அது பெனிக்னோ மாமாவின் காளை என்று பிறகு தெரிந்தது.

என்னை ஊஞ்சலில் ஏற்றியதும் அத்தைதான். "உன் அக்காவுக்காக ஒண்ணு, உனக்காக ஒண்ணு. கூடையைக் காலால பிடிக்காம இறங்கினே, கசப்புத்தண்ணி காத்திருக்கு."

ஏறினேன். பையன்கள் இழுத்தார்கள். தேவாலயத்துக் கூரை கீழே போனது, சோளக்காடு கீழே போனது, மேலே போய் நின்றது அந்த ஒரு நொடி. நீ கேட்டாயே, நம் பேச்சில் அதற்கு ஒரு சொல் இருந்தால் எழுது என்று. மேலே தேடிப் பார்த்தேன் அக்கா. சொல் இல்லை. எனக்கு வந்தது "ஈஈஈஈ" என்பதுதான். அதை வேண்டுமானால் அகராதியில் போட்டுக்கொள்.

கூடையைப் பிடித்தேன். செருப்பு ஒன்று போய்விட்டது.

அத்தை உனக்குத் தனியாகக் கடிதம் எழுத வேண்டும் என்கிறார். நான்தான் எழுதிக்கொடுக்க வேண்டும். விரலோடு உட்காருவார். என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. எனக்கே பயமாக இருக்கிறது.

நன்றாக இரு, கறுப்பில்லாமல்.

சுல்மா


புனாட்டா
9 நவம்பர் 1996

டெல்ஃபினா,

நான் காஸ்தா பேசறேன். நான் நல்லா இருக்கேன். முழங்கால் மட்டும் மழை வரும்னு சொல்லுது, மழை வரலை. நீ நல்லா இருக்கேன்னு எனக்குத் தெரியும், அதனால கேக்கலை.

இந்தக் கழுதை நான் சொல்றதை அப்படியே எழுதணும்னு சத்தியம் வாங்கியிருக்கேன். ஒரு வரி சொன்னா ஒரு வரிதான் ஓடணும். விரலை வச்சிருக்கேன்.

ஜூலை மாசம் சந்தைக்குப் போனப்போ ஆஸ்பத்திரியில இருக்கற அமெரிக்கக் கன்னியாஸ்திரிகிட்ட, கிடிங்கற வியாதிக்கு மருந்து இருந்தா குடுங்கன்னு கேட்டேன். அந்தம்மா சிரிச்ச சிரிப்புல மூக்குக்கண்ணாடி கழண்டு விழுந்துச்சு. அப்புறம் அர்த்தம் சொன்னாங்க. சந்தையிலேர்ந்து வீடு வரைக்கும் நடந்தே வந்தேன். பாதி வழி கோவம். மீதி வழி வேற என்னமோ. பெத்தவளுக்குக் கோவம் வரும், நீ தப்பா எடுத்துக்காதே. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா இவ நாக்குல கசப்பை ஊத்தினேன். ஒம்பது நாளும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. (அத்தை, இது அநியாயம். சு.) நடுவுல என்னமோ எழுதிட்டா, ஒரு வரி கூடுதலா ஓடியிருக்கு.

நீங்களா வந்து சொல்றீங்களான்னு பாத்துட்டிருந்தேன். சொல்லாம இருந்திருந்தா எடுத்திருக்க மாட்டேன். அது நிஜம். ஊருக்கு முன்னாடி ஜெபத்துல சொன்னாளே, அப்பவே எடுத்துட்டேன் மனசுல. கைக்கு ஒரு நாள் ஆச்சு. பையன் படையலைக் கலைக்கிற எடத்துல வச்சு என்னால எடுக்க முடியலைம்மா. வெளியில காத்து வேணும்போல இருந்துச்சு.

க்ரோவரை மறக்கச் சொல்லலை. நவம்பர் மாசம் அவன் வருவான், நான் ரொட்டி வைக்கறேன். அது என் வேலை. உன் வேலையை நீ குறைவில்லாம செஞ்சுட்டே. போர்வையை மடிச்சு என் பெட்டியில வச்சிருக்கேன், உனக்குத் திரும்பக் கிடைக்காது.

என் கறுப்பை எடுக்கச் சொல்லி இவ கேக்கறா. எடுக்க மாட்டேன். எனக்கு இது பழகிடுச்சு, அழுக்கும் தெரியாது.

தாரிஹாக்காரங்களைப் பத்தி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஆனா பிரஷ் காயற வரைக்கும் என் பையன் கதையைக் கேட்டவன்னு இவ படிச்சுக் காட்டினா. இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். அவனுக்கு என் ஆசீர்வாதம் உண்டு. பேசறதைக் கொஞ்சம் வேகமா பேசச் சொல்லு.

கறுப்பை எடுத்த கைதான் அடுத்த கல்யாணத்துக்குச் சிச்சா காய்ச்சணும், உனக்குத் தெரியும். கல்யாணம் அங்கேதான் நடக்கும், ஆனா ஊர் குடிக்கப்போறது இங்கே. உங்கப்பா பெரிய பானையைக் கழுவி வச்சுட்டார், இன்னிக்கு மூணாவது தடவையா கழுவறார். நாளை மட்டும் எழுதி அனுப்பு, அன்னிக்கே இங்கே பானையைத் திறப்போம். யோசிச்சுட்டு நிக்காதே. நேத்து காலையிலேயே சோளத்தை ஊறப் போட்டுட்டேன், முளை விட்ட சோளம் யாருக்காகவும் காத்திருக்காது.

காஸ்தா
(கட்டைவிரல் ரேகை)